சிறையில் எழுத்து வேலை: எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறைகளையும், வெளியே இருக்கும் குற்றவாளிகளைக் கண்காணிக்கும் நன்னடத்தைப் பணியையும் ஒரே அமைப்புதான் நடத்துகிறது. ஹெச்.எம். பிரிசன் அண்டு புரொபேஷன் சர்வீஸ் என்பது அதன் பெயர். 2017 ஏப்ரலில் இந்தப் பெயரோடு இயங்க ஆரம்பித்தது. அதற்கு முன்பும் இதே வேலையை வேறு பெயரில் ஒரு அமைப்பு செய்துகொண்டுதான் இருந்தது. பெயர் மாறினாலும் ஆட்சி மாறினாலும் மாறாமல் திரும்பத் திரும்ப வரும் வாக்குறுதி ஒன்று உண்டு: களத்தில் நிற்கும் ஊழியர்களைத் தேவையில்லாத எழுத்து வேலையிலிருந்து விடுவிப்போம் என்பது.

கேட்கும்போது இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. வெட்டி வேலை வேண்டும் என்று யார்தான் சொல்வார்கள்? ஆனால் இத்தனை வருடமாகச் சொல்லியும் ஏன் குறையவில்லை என்று கேட்டால்தான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. இந்தத் துறையைப் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்கும் புரியும்படி அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் யார் இந்தக் களப் பணியாளர்கள்? இரண்டு வகை. ஒருவர் சிறைக் காவலர். சிறைக் கட்டடம் 'விங்' என்று பிரிவு பிரிவாக இருக்கும். கதவைத் திறப்பது, பூட்டுவது, தலை எண்ணுவது, சண்டையை விலக்குவது, அழுகிறவனிடம் இரண்டு வார்த்தை பேசுவது எல்லாம் அந்த விங்கில் நிற்கும் காவலர் வேலை. இன்னொருவர் நன்னடத்தை அலுவலர். சிறைக்குப் போகாமல் சமூகத்திலேயே தண்டனையைக் கழிப்பவர்களும், சிறையிலிருந்து நிபந்தனையோடு வெளியே வந்தவர்களும் இவரிடம் ஆஜராக வேண்டும். தண்டனை விதிக்கும் முன் நீதிமன்றத்துக்கு அறிக்கை தருவதும் இவர்கள்தான். 1907-இல் வந்த சட்டம் இந்த அலுவலரின் கடமையை எளிமையாகச் சொன்னது: ஆலோசனை சொல், உதவி செய், நண்பனாக இரு.

நூறு வருடம் கழித்து நிலைமை எப்படி இருந்தது? 2011-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் நீதிக் குழு நன்னடத்தைப் பணி பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. அதில் எடுத்துக்காட்டப்பட்ட கணக்கு இது: அலுவலர்களின் நேரத்தில் 24 சதவீதம்தான் குற்றவாளிகளோடு நேரடியாகக் கழிகிறது. 41 சதவீதம் கணினி வேலை. மீதி 35 சதவீதம் கடிதம், தொலைபேசி, பயணம் போன்றவை. முக்கால் பங்கு நேரம் ஆளைப் பார்க்காமலேயே போவது குழுவை அதிர வைத்தது.

இந்த 24 சதவீதத்தை எடுத்துக்கொண்டு உடனே கோபப்பட வேண்டாம். கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் வீண் என்று அர்த்தமில்லை. ஒருவருடைய பழைய வழக்குகளைப் படிப்பதும், போலீஸிடமிருந்து வந்த தகவலைச் சரிபார்ப்பதும் கணினி வேலைதான். அதைச் செய்யாமல் எதிரே உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினால் அது வெறும் அரட்டை. கேள்வி, அந்த 41-க்குள் எவ்வளவு வேலை, எவ்வளவு வேலையின் நிழல் என்பது.

ஒரு சாதாரண சந்திப்பை எடுத்துக்கொள்வோம்

திங்கட்கிழமை காலை ஒருவர் நன்னடத்தை அலுவலகத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில மாதங்களுக்கு முன் சிறையிலிருந்து வந்தவர். பேச்சுவாக்கில், "வேலை போயிருச்சு. அவளோட சண்டை, வீட்டை விட்டு வந்துட்டேன். இப்ப அண்ணன் வீட்ல இருக்கேன்" என்கிறார். சொல்லி முடிக்கப் பத்து விநாடி ஆகாது.

இனி அலுவலரின் பாடு. சந்திப்பு நடந்தது, இன்னின்ன பேசினோம் என்று 'டிலியஸ்' என்ற வழக்கு மேலாண்மை மென்பொருளில் குறிப்பு எழுத வேண்டும். முகவரி மாறியதை அதிலேயே வேறொரு பக்கத்தில் மாற்ற வேண்டும். சூழ்நிலை பெரிதாக மாறிவிட்டதால் 'ஓயேசிஸ்' என்ற ஆபத்து மதிப்பீட்டைத் திரும்பப் பார்க்க வேண்டும். இது இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பயன்பாட்டில் இருக்கும் பெரிய மதிப்பீடு. தங்குமிடம், வேலை, பணம், உறவுகள், போதை, மனநிலை என்று பகுதி பகுதியாகக் கேள்விகள். முழு மதிப்பீடு என்றால் மணிக்கணக்கில் ஆகும். அப்புறம் அண்ணன் வீட்டு முகவரியில் ஏற்கெனவே ஏதாவது புகார் இருக்கிறதா என்று போலீஸிடம் விசாரணை. அங்கே குழந்தைகள் இருந்தால் உள்ளாட்சியின் குழந்தைகள் நலப் பிரிவுக்கு ஒரு விசாரணை. விட்டு வந்த பெண்ணுக்கு ஆபத்து உண்டா என்று குடும்ப வன்முறை சம்பந்தமாக இன்னொன்று. காலில் மின்னணுப் பட்டை போட்டிருந்தால், அதைக் கவனிக்கும் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வேலை தேட உதவும் அமைப்புக்குப் பரிந்துரைப் படிவம் தனி.

இந்த வரிசையைப் படித்ததும் "இவ்வளவா!" என்று தோன்றும். ஆனால் நிதானமாகப் பாருங்கள். போலீஸிடம் கேட்பது எழுத்து வேலை இல்லை, அதுதான் வேலை. குழந்தைகள் நலப் பிரிவிடம் கேட்பதும் அப்படியே. வீணாவது எது என்றால், அந்தப் பத்து விநாடிக் கதையை ஒவ்வொரு இடத்திலும் புதிதாகத் தட்டச்சு செய்வது. அவர் பெயர், பிறந்த தேதி, வழக்கு எண், என்ன தண்டனை, என்ன ஆபத்து என்று ஒவ்வொரு படிவத்தின் தலையிலும் மறுபடி மறுபடி நிரப்புவது. ஒரு திரையில் இருப்பதை இன்னொரு திரை தானாக எடுத்துக்கொள்ளாததால் மனிதர் நடுவில் குழாயாக நிற்கிறார்.

தேவையில்லாத எழுத்து வேலை என்று பொதுவாகப் புலம்பும்போது இந்த வேறுபாடு தொலைந்துபோகிறது. விசாரணையும் தட்டச்சும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டுவிடுகின்றன. குறைக்க வருகிறவர், சில நேரம், தவறானதைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகிறார்.

2021 செப்டம்பரில் டெர்பிஷயரில் கில்லமார்ஷ் என்ற ஊரில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் மூன்று பேர் குழந்தைகள். கொன்றவர் அப்போது நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவர். அவரை நடுத்தர ஆபத்து என்று மதிப்பிட்டிருந்தார்கள். குடும்ப வன்முறை பற்றியும் குழந்தைகளின் பாதுகாப்பு பற்றியும் செய்ய வேண்டிய விசாரணைகள் சரியாகச் செய்யப்படாமலேயே, பிறகு கொலை நடந்த அந்த வீட்டிலேயே அவர் தங்கலாம் என்ற பரிந்துரை நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. நன்னடத்தைப் பணியின் தலைமை ஆய்வாளர் 2023 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை இதையெல்லாம் விரிவாகச் சொல்கிறது. அந்த விசாரணை மின்னஞ்சலும் ஒரு 'பேப்பர் வேலை'தான், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு.

படிவங்கள் எங்கிருந்து வருகின்றன?

மேசையில் உட்கார்ந்து யாரோ ஒரு குமாஸ்தா பொழுது போகாமல் படிவம் தயாரிக்கிறார் என்று நினைப்பது எளிது. சிறைத் துறையில் பெரும்பாலும் அப்படி இல்லை. முக்கியமான படிவங்களில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது.

2000-ஆம் ஆண்டு மார்ச் 21 அதிகாலை, மேற்கு லண்டனில் உள்ள ஃபெல்ட்டம் இளங்குற்றவாளிகள் சிறையில் ஜாஹித் முபாரக் என்ற 19 வயது இளைஞன் அதே அறையில் இருந்தவனால் மேசைக் காலால் அடிக்கப்பட்டான். சில நாளில் இறந்தான். சின்னத் திருட்டுக்காக 90 நாள் தண்டனை பெற்று, அன்றுதான் விடுதலையாகவிருந்தவன். அடித்தவன் வன்முறையாளன், வெள்ளை இனவெறி கொண்டவன். அது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. அவனைப் பற்றிய தகவல் முந்தைய சிறைகளின் கோப்புகளிலும் அவன் எழுதிய கடிதங்களிலும் இருந்தது. அறையை ஒதுக்கிய காவலர்களிடம் அது போய்ச் சேரவில்லை. நீதிபதி கீத் தலைமையிலான விசாரணை ஆணையம் 2006-இல் இதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்தது.

இன்று சிறைக்குள் வரும் ஒருவரை இன்னொருவரோடு ஓர் அறையில் போடும் முன் 'அறைப் பகிர்வு ஆபத்து மதிப்பீடு' செய்கிறார்கள். ஃபெல்ட்டம் கொலைக்குப் பிறகு கட்டாயமானது அது. இந்தப் படிவத்தை யாராவது ரத்து செய்வார்களா? செய்யவும் கூடாது.

ஆனால் ஃபெல்ட்டம் கதையை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். அங்கே குறை எழுதப்படாததில் இல்லை. எழுதியது இருந்தது, படிக்க வேண்டியவர் படிக்கவில்லை. இந்த நோய்க்கு அதிகாரவர்க்கம் எப்போதும் தரும் மருந்து இன்னொரு படிவம். புதிய படிவம் வரும்போது பழையது போகிறதா என்றால், இல்லை. பழையதும் ஏதோ ஒரு பழைய துயரத்துக்குப் பதிலாக வந்ததுதானே, அதை யார் துணிந்து எடுப்பார்? எடுத்த பிறகு ஏதாவது நடந்துவிட்டால் எடுத்தவர் பெயர்தான் விசாரணையில் வரும். சேர்ப்பவருக்கு ஆபத்து இல்லை, நீக்குபவருக்கு உண்டு. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் காகிதம் பெருகுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது.

இரண்டாவது காரணம், தற்காப்பு. சிறையில் யாராவது இறந்தால் சிறைகள் மற்றும் நன்னடத்தைக் குறைதீர்ப்பாளர் விசாரிப்பார். மரண விசாரணை அதிகாரி தனியாக விசாரிப்பார். வழக்கறிஞர் காவலரைப் பார்த்து, "அன்றிரவு 2 மணிக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்பார். எழுதியிருந்தால் நடந்தது, எழுதாவிட்டால் நடக்கவில்லை. இது தெரிந்த எந்தக் காவலரும் அடுத்த ஷிஃப்டில் வருகிறவருக்காக எழுத மாட்டார். மூன்று வருடம் கழித்துத் தன்னைக் கேள்வி கேட்கப்போகும் வழக்கறிஞருக்காக எழுதுவார். நீளமாக, பாதுகாப்பாக, எதையும் விட்டுவிடாமல். அப்படி எழுதியதில் முக்கியமான ஒரு வரியைத் தேடிக் கண்டுபிடிப்பது அடுத்தவர் பாடு.

ஆரஞ்சு நிறக் கோப்பு

இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று பார்க்க ஒரே ஒரு கோப்பைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு கைதி தன்னையே காயப்படுத்திக்கொள்ளக்கூடும், உயிரை மாய்த்துக்கொள்ளக்கூடும் என்ற கவலை யாருக்கு வந்தாலும் 'ஏ.சி.சி.டி.' என்ற நடைமுறையைத் தொடங்கலாம். காவலர்தான் என்றில்லை, ஆசிரியர், செவிலியர் என்று யார் வேண்டுமானாலும். அதன் அடையாளம் ஆரஞ்சு நிற அட்டை போட்ட கோப்பு. கைதி எங்கே போனாலும் கூடவே போகும். 24 மணி நேரத்துக்குள் முதல் ஆய்வுக் கூட்டம் நடக்க வேண்டும். அவருக்கு என்ன கவலை, எது பிடித்திருக்கிறது, யாரோடு பேச விருப்பம், எத்தனை தடவை போய்ப் பார்க்க வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு முறை பார்த்ததும் நேரத்தோடு எழுத வேண்டும்.

நல்ல நடைமுறை. இதைக் குறை சொல்பவர்கள் சிறைக்குள்ளும் குறைவு. ஆனால் இரவுப் பணியில் ஒரு விங்குக்கு ஒரு காவலர், திறந்திருக்கும் ஆரஞ்சு கோப்புகள் நாலைந்து என்று இருந்தால் என்ன ஆகிறது? "1.00: கட்டிலில் இருக்கிறார். 2.00: கட்டிலில் இருக்கிறார். 3.00: தூங்குகிறார்." கதவில் இருக்கும் சிறு கண்ணாடி வழியாகப் பார்த்து எழுதிய வரிகள். மணியடித்தாற்போல ஒரே இடைவெளியில் பார்த்தால், அடுத்து எப்போது வருவார்கள் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் நேரத்தை முன்கூட்டி ஊகிக்க முடியாதபடி மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும் என்று மரணங்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரின் அறிக்கைகள் வலியுறுத்தி வருகின்றன. ஆனால் எழுதுவதற்கு வசதி, வட்டமான மணிக்கணக்குதான்.

இதே கோப்பில் பகலில் யாரோ ஒருவர், "இன்று அம்மாவின் நினைவு நாள். காலையிலிருந்து சாப்பிடவில்லை. சாயங்காலம் தங்கைக்குப் போன் செய்யக் கேட்டிருக்கிறார், கிடைக்கவில்லை" என்று எழுதியிருந்தால், அந்த மூன்று வரி இரவுக் காவலருக்குத் தங்கம். அதை எழுத, உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பேச நேரம் இருந்திருக்க வேண்டும். இருபது 'கட்டிலில் இருக்கிறார்'களுக்கு நடுவே அந்த மூன்று வரி கண்ணில் பட்டும் இருக்க வேண்டும்.

ஆக, இந்தக் கோப்பை ரத்து செய்வது தீர்வில்லை. அதே தகவலைக் கணினிக் குறிப்பிலும், விங்கின் கண்காணிப்பு நோட்டிலும், ஷிஃப்ட் மாறும்போது கொடுக்கும் தாளிலும் எழுத வைப்பதை நிறுத்துவதுதான் குறைப்பு.

சிலவற்றில் கை வைக்கவே கூடாது

கைதி விதியை மீறினால் உள்ளேயே விசாரணை நடக்கும். 1999-ஆம் ஆண்டின் சிறை விதிகள்படி, அசாதாரணச் சூழல் தவிர, மீறல் தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் குற்றச்சாட்டைப் பதிவு செய்ய வேண்டும். எழுத்தில் கைதியிடம் தர வேண்டும். காவலருக்கு இது அலுப்பான படிவம்தான். ஆனால் அந்தத் தாள் காவலருடையது இல்லை, கைதியுடையது. என் மேல் என்ன குற்றச்சாட்டு என்று தெரிந்துகொள்ளும் உரிமை அதில் இருக்கிறது. பலம் பிரயோகித்த ஒவ்வொரு காவலரும் தனித்தனியாக வாக்குமூலம் எழுதுவதும் அப்படித்தான். பூட்டிய கதவுக்குள் நடப்பதை வெளியே இருந்து யாரும் பார்க்க முடியாது. பின்னால் பார்க்க இருப்பது அந்தத் தாள் மட்டும். ஊழியர் வசதிக்காக இதைச் சுருக்குவது ஊழியருக்கே நல்லதில்லை.

ஒட்டுப்போட்ட இடத்தில்தான் காகிதம் முளைக்கிறது

ஓர் அமைப்பை இரண்டாகப் பிரித்தால் நடுவில் ஒரு கோடு வரும். கோட்டைத் தாண்டிப் போகும் ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் வேண்டும். 2014-இல் இதை இங்கிலாந்து பெரிய அளவில் செய்து பார்த்தது. ஆபத்து அதிகமானவர்கள் அரசின் தேசிய நன்னடத்தைப் பணியிடம், மற்றவர்கள் 21 தனியார் ஒப்பந்த நிறுவனங்களிடம் என்று பிரித்தார்கள். ஆரம்பத்திலேயே யாரை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தீர்மானிக்க ஒரு புதிய மதிப்பீடு. நிறுவனத்திடம் இருப்பவரின் ஆபத்து கூடினால் அரசுப் பக்கம் மாற்ற இன்னொரு படிவம். ஒப்பந்தப்படி பணம் கொடுக்க வேண்டும் என்பதால், வேலை நடந்ததை நிரூபிக்கும் கணக்குகள் வேறு. ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் பேசி முடித்த விஷயங்கள் கடிதப் போக்குவரத்தாக மாறின. 2021 ஜூனில் எல்லாவற்றையும் மறுபடி அரசிடமே சேர்த்தார்கள். படிவச் சுமையைக் குறைக்க வேண்டும் என்று பேசும் அரசுகள் அமைப்பைத் திருப்பித் திருப்பி அடுக்கும்போது அதையே கூட்டுகின்றன என்பது ஒரு வேடிக்கை.

சரி, எல்லாவற்றையும் ஒரே கணினியில் போட்டுவிட்டால் போயிற்றே என்று தோன்றும். அதையும் முயன்றார்கள். 2004-இல் தொடங்கிய 'சி-நோமிஸ்' திட்டத்தின் கனவே அதுதான். சிறைக்கும் நன்னடத்தைப் பணிக்கும் ஒரே தரவுத்தளம், ஒருவர் முதல் நாள் உள்ளே வந்ததிலிருந்து கடைசி நாள் வரை ஒரே பதிவு. 2008 ஜனவரிக்குள் முடிய வேண்டும், 2020 வரையிலான மொத்தச் செலவு 23.4 கோடி பவுண்டு என்பது கணக்கு. 2007 ஜூலைக்குள் 15.5 கோடி செலவாகியிருந்தது, திட்டம் இரண்டு வருடம் பின்தங்கியிருந்தது, மொத்தச் செலவு 69 கோடி ஆகும் என்று மதிப்பு ஏறியிருந்தது. நிறுத்தி, சுருக்கி, சிறைகளுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். நாட்டின் தணிக்கை அலுவலகம் 2009-இல் இதைப் பற்றி எழுதிய அறிக்கையை, 'ஒரே மென்பொருள், எல்லாப் பிரச்சினையும் தீரும்' என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எடுத்துப் படிக்கலாம். திங்கட்கிழமைக்காரரின் கதையைப் பல இடத்தில் தட்ட வேண்டியிருப்பதற்கு இந்தத் தோல்வியும் ஒரு காரணம்.

சின்னதாகச் செய்தால் சில இடங்களில் நன்றாகவே நடந்திருக்கிறது. சிறையில் கைதிக்கு எது வேண்டுமென்றாலும் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே அதற்கு 'ஆப்' என்று பெயர்; செல்பேசியில் இருக்கும் ஆப் இல்லை, விண்ணப்பம் என்பதன் சுருக்கம். வேலை மாற்றம், பார்வையாளர் விஷயம், புதிய தொலைபேசி எண் சேர்ப்பது எல்லாவற்றுக்கும் சீட்டு. காவலர் வாங்கி, நோட்டில் பதிந்து, உரிய பிரிவுக்கு அனுப்பி, பதில் வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாதியில் தொலையும். தொலைந்தால் கைதி மறுபடி எழுதுவார், கோபப்படுவார், அந்தக் கோபம் விங்கில் ஒரு பிரச்சினையாகி அதற்கொரு அறிக்கை. வேல்ஸின் ரெக்ஸம் பக்கத்தில் 2017-இல் திறந்த பெர்வின் சிறையில் அறைக்குள்ளேயே மடிக்கணினி கொடுத்தார்கள். உணவுத் தேர்வு, விண்ணப்பம் போன்றவற்றைக் கைதியே போட்டுக்கொள்ளலாம். வேறு சில சிறைகளில் விங்கில் ஒரு தொடுதிரைப் பெட்டி. காவலரின் மேசையிலிருந்து ஒரு கட்டுச் சீட்டு காணாமல் போயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தொலைபேசி எண் சேர்க்கும் சீட்டைத்தான் தூக்கினார்கள். அந்த எண் யாருடையது என்ற சரிபார்ப்பைத் தூக்கவில்லை. பாதிக்கப்பட்ட பெண்ணின் எண்ணை ஒருவர் தன் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாதே. சீட்டு போனது, காரணம் இருந்தது. குறைப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஒரு படிவம் வேண்டுமா என்று எப்படிச் சோதிப்பது?

நிர்வாக நூல்களில் இதற்கு அட்டவணைகள் இருக்கும். எனக்கு நல்லதாகத் தோன்றுவது ஒரே கேள்வி: இதைப் படித்த பிறகு யார் எதை மாற்றிச் செய்வார்? ஆரஞ்சு கோப்பின் அந்த மூன்று வரிக்குப் பதில் உண்டு. அறைப் பகிர்வு மதிப்பீட்டுக்கும் உண்டு. மாதக் கடைசியில் தலைமையகத்துக்குப் போகும் ஓர் எண்ணிக்கைத் தாளுக்கு, "அனுப்பாவிட்டால் போன் வரும்" என்பதுதான் பதில் என்றால் அது சந்தேகத்துக்குரியது. எப்போதோ ஒருவர் நாடாளுமன்றத்தில் கேட்ட கேள்விக்காகச் சேகரிக்கத் தொடங்கி, பிறகு நிறுத்த மறந்துபோன கணக்குகள் எந்த அரசு அலுவலகத்திலும் இருக்கும். சிறைத் தலைமையகம் மட்டும் விதிவிலக்காக இருக்குமா?

அளவு பார்த்து எழுதுவதும் ஒரு வழி. எல்லோருக்கும் ஒரே நீளப் படிவம் என்பது நியாயம் போலத் தெரியும், ஆனால் அது நேரத்தைத் தப்பான இடத்தில் செலவழிக்கும். ஓயேசிஸில் சுருக்கமான அடுக்கு, முழு அடுக்கு என்று வைத்திருப்பது இதற்காகத்தான். நீதிமன்றத்துக்குத் தரும் அறிக்கையும் சில வழக்குகளில் அன்றே வாய்மொழியாக, சிலவற்றில் அவகாசம் எடுத்துக்கொண்டு விரிவாக என்று வகை பிரிந்திருக்கிறது. 2011-இல் நன்னடத்தைப் பணிக்கான தேசிய விதிமுறைகளைச் சுருக்கி, அலுவலர் தன் அனுபவத்தைக் கொண்டு முடிவெடுக்க இடம் விட்டார்கள். வழிகாட்டி விதிகளுக்கு முடிவுத் தேதி போடுவதும் நல்ல பழக்கம். தேதி வந்ததும் யாராவது எழுந்து நின்று "இது இன்னும் வேண்டும்" என்று வாதாட வேண்டியிருக்கும். சும்மா இருந்தாலே நீடிக்கும் என்ற வசதி அப்போது போய்விடும்.

இப்போது பேச்சு முழுக்கச் செயற்கை நுண்ணறிவைச் சுற்றி. சந்திப்பில் பேசுவதைக் கேட்டு எழுத்தாக்கி, சுருக்கமும் தரும் கருவிகளை 2025-இல் நன்னடத்தை அலுவலர்களுக்குச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். தட்டச்சு குறையும், எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசலாம் என்பது உண்மையான லாபம். எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. கருவி குறிப்பை எழுதிவிடும். ஆனால் 'அண்ணன் வீட்டில் இருக்கிறேன்' என்று சொன்னபோது அவர் கண்ணைத் தவிர்த்தார் என்று அது எழுதாது. யோசித்து எழுதும்போதுதான் பல அலுவலர்களுக்கு 'இதில் ஏதோ இடிக்கிறதே' என்று உறைக்கும். அந்த யோசனையையும் சேர்த்து மிச்சம் பிடித்துவிடக் கூடாது. தவிர, எழுதுவது சுலபமானால் எழுதுவது கூடும். பத்து வரிக் குறிப்பு மூன்று பக்கமாகும், படிப்பவர் அதே மனிதர்தான்.

மிச்சமாகும் நேரம் எங்கே போகும்?

குறைப்பதைவிடக் கடினமான கேள்வி இது. 2018 வாக்கில் ஆண்கள் சிறைகளில் ஒரு புதிய முறை வந்தது. ஒவ்வொரு காவலருக்கும் ஆறு கைதிகள் போல ஒதுக்கி, ஒருவருக்கு வாரத்துக்குச் சராசரியாக 45 நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று ஏற்பாடு. அருமையான யோசனை. ஆனால் ஆள் பற்றாக்குறை வந்தால் முதலில் வெட்டப்படுவது அந்த 45 நிமிடம்தான் என்பதை ஆய்வாளர்களின் அறிக்கைகள் சிறை சிறையாகச் சொல்லிவந்திருக்கின்றன. கதவைத் திறக்க ஆள் வேண்டும், மருத்துவமனைக்குக் கூடப் போக ஆள் வேண்டும். பேசுவதற்கு மட்டும் நாளை வரும். நன்னடத்தைப் பணியிலும் இதே கதை. எழுத்தில் மிச்சமான நேரத்துக்கு ஈடாக இன்னும் சில வழக்குகள் வந்து சேர்ந்தால், அலுவலரின் நாள் அப்படியேதான் இருக்கும். குறைத்த நேரத்தை எதற்கு என்று முன்கூட்டியே கட்டிப்போடாவிட்டால் அது கரைந்துவிடும்.

2025 அக்டோபரில் செம்ஸ்ஃபோர்டு சிறையிலிருந்து, குடிவரவுக் காவலுக்கு மாற்றப்பட வேண்டிய ஒருவர் தவறுதலாக விடுவிக்கப்பட்டார். நாடே கொந்தளித்தது. 2025 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் இப்படித் தவறாக விடுவிக்கப்பட்டவர்கள் 262 பேர் என்ற கணக்கும் அப்போது பேசுபொருளானது. அதற்கு முந்தைய ஆண்டில் 115. அதற்கு முன்பே, 2024 செப்டம்பரில் சிறை நெரிசலைக் குறைக்க முன்கூட்டியே விடுவித்தபோது 37 பேர் தகுதியில்லாமல் வெளியே போனார்கள். இன்னாரை நெருங்கக் கூடாது என்ற நீதிமன்றத் தடை உத்தரவை மீறிய அவர்களுடைய குற்றம் காலாவதியான சட்டப் பிரிவின் கீழ் பதிவாகியிருந்ததால், விலக்குப் பட்டியலில் அவர்கள் சிக்கவில்லை. பாருங்கள், பதிவின் ஒரு கட்டத்துக்குள் தவறான பிரிவு எண். விளைவு, வீட்டுக் கதவைத் தட்டும் ஆள்.

செம்ஸ்ஃபோர்டுக்குப் பிறகு அரசு முதலில் செய்தது, விடுதலைக்கு முன் கூடுதல் சரிபார்ப்புகளைக் கட்டாயமாக்கியது. அதோடு, காகிதத்தை நம்பியிருக்கும் விடுதலைக் கணக்கை டிஜிட்டலுக்கு மாற்றுவோம் என்றும் சொன்னது. முதலாவது மறுநாளே காவலரின் மேசைக்கு வந்துவிடும். இரண்டாவது வர வருடங்கள் ஆகலாம். வந்த பிறகு முதலாவதை யாராவது திரும்பப் பெறுவார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அடுத்த முறை எழுத்துச் சுமை குறைப்பு என்று ஓர் அறிவிப்பு கண்ணில் பட்டால், ரத்தாகும் படிவங்களின் பெயர்கள் அதில் இருக்கின்றனவா, எந்தத் தேதியிலிருந்து என்று போட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இவை இல்லாத அறிவிப்பு, கட்டாயம் ஓர் புதிய படிவத்தோடுதான் வந்திருக்கும்: சுமை எவ்வளவு குறைந்தது என்று மாதந்தோறும் நிரப்பி அனுப்புவதற்கு.